திரைக்கு இந்தப் பக்கம் இருந்த ரேடியோ

ஜெஸீமா ராத்தா மௌத்தாகிவிட்டார்.

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஸ்பீக்கரில் மரண அறிவித்தல் சொன்னார்கள். பெயர் வரும் இடத்தில் ஸ்பீக்கர் கரகரவென்று இழுத்தது... ராத்தா கேட்டிருந்தால் "வயர் லூஸ், பாருங்க" என்று படுத்த படுக்கையிலேயே சொல்லியிருப்பார்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அவரை யாரென்று தெரியாது. எனக்குத் தெரிந்து கல்முனைப் பக்கத்தில் ரேடியோவும் டீவியும் திருத்திய முதல் பெண்.

சூறாவளி அடித்த வருஷம் அவரைக் கட்டிய மாப்பிள்ளை சாகாமத்து வயலுக்குப் போனவர், மையித்தாகத்தான் வீடு வந்தார். இருந்த வீடும் விழுந்துவிட்டது. கைக்குழந்தையோடு கூடப்பிறந்த காக்காவின் வீட்டில், அவர் பெண்சாதி மச்சியின் அடுப்படியை நம்பி இருந்தார்.

அந்த அடுப்படியை விட்டு வெளியேற வேண்டும். அவர் ரேடியோ படிக்க வந்த காரணம் அவ்வளவுதான்.

அப்போது எங்கள் வாலிபர் சங்கம் வாசிகசாலை மண்டபத்தில் ரேடியோ ரிப்பேர் வகுப்புத் தொடங்கியிருந்தது. டிகிரி வேண்டாம், ஓ.எல். பரீட்சை பெயில் என்றாலும் சேரலாம். சவூதிக்கும் குவைத்துக்கும் போகிற பொடியன்களுக்குக் கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்பது நோக்கம். படிப்பித்தவர் தங்கராசா சேர், கல்முனை மெதடிஸ்த சபைக்காரர்.

நான் பசாரில் பேட்டரியும் சின்ன ரேடியோவும் விற்றுக்கொண்டிருந்தேன். படிப்பு எட்டாம் வகுப்பு. விற்ற சாமான் பழுதென்று திரும்பி வந்தால் முழிக்காமல் இருக்க வேண்டுமே என்று நானும் சேர்ந்தேன்.

ராத்தா பெயர் கொடுத்ததும் சங்கத்தில் பெரிய கதையாகிவிட்டது. ஆம்பிளைகளோடு எப்படி...

நான் எழும்பி அவருக்காகக் கதைத்தேன். புண்ணியத்துக்கு இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். மாப்பிள்ளைமார் வெளிநாட்டில், வீட்டில் பெண்கள் மட்டும். அவர்களுடைய ரேடியோ பழுதானால் நம்மால் உள்ளே போய்ப் பார்க்க முடியாது, அவர்களும் பசாருக்குத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். பழுதான ரேடியோவுக்கு யார் பேட்டரி வாங்குவார்? ஒரு பெண் ரிப்பேர் படித்தால் எனக்கு வியாபாரம்.

சங்கத் தலைவர் ஹாஜியார் நல்ல மனிதர். வேண்டாம் என்று சொல்லவில்லை, திரை கட்டச் சொன்னார். சீலையே அவர் வீட்டிலிருந்துதான் வந்தது.

மண்டபத்தின் குறுக்கே திரை. அந்தப் பக்கம் ராத்தாவும் துணைக்கு அவருடைய மாமியும். இந்தப் பக்கம் நாங்கள், சேர், கரும்பலகை, மேசையில் திறந்து வைத்த ரேடியோ.

எல்லோருக்கும் திருப்தி. ரேடியோ எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

சில கிழமைகள் அப்படியே ஓடின. மாமி நித்திரை கொண்டார், ராத்தா காதால் படித்தார்.

ஒருநாள் சேர் வேண்டுமென்றே ஒரு ரேடியோ செட்டைப் பழுதாக்கிக் கொண்டுவந்தார். போட்டதும் 'ம்ம்ம்' என்று இரைந்தது. நாங்கள் தலையை உள்ளே விட்டுத் தேடிக்கொண்டிருக்க, திரைக்கு அந்தப் பக்கமிருந்து கண்டென்சர் போய்விட்டது என்று குரல் வந்தது.

"ஓம், சரி. எங்க, கழட்டி மாத்துங்க பாப்பம்" என்றார் சேர்.



"மாத்தலாம் சேர். கண்டென்சர் எப்பிடி இருக்குமெண்டு நான் இன்னும் காணல்லியே."

சிரித்துவிட்டோம். ஹாஜியார் வாசலில்தான் இருந்தார். ராத்தா குரலை உயர்த்தவேயில்லை.

"ஹாஜியார், ரேடியோவ இஞ்சால வைங்க. தம்பிமார் கொஞ்ச நாளைக்குக் காதால படிக்கட்டும்."

ஹாஜியார் தாடியைத் தடவினார்... அன்று அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் ராத்தா திரும்பவும் மச்சியின் அடுப்படிக்குத்தான்.

"புள்ள சொல்றது சரிதானே" என்று எழும்பி வந்து தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்தார். மேசையில் முட்டும்படி நெடுக்காகத் திரும்பவும் கட்டினோம். பெஞ்சுகளுக்கு நடுவில் திரை, மேசை இரண்டு பக்கத்துக்கும் பொது.

வகுப்பு முடிந்ததும் நான்தான் முந்தினேன். கடைக்குப் பின்னால் ஒரு அறை, மேசை, சாமான் எல்லாம் தருகிறேன், வேலைக்கு வாருங்கள் என்றேன்.

"காக்காட வீட்ட இருந்து உங்கட கடைக்கு மாறினா எனக்கென்ன மாற்றம் தம்பி? அங்க அவர்ர ஆள், இஞ்ச உங்கட ஆள்."

 

நற்பிட்டிமுனையில், சூறாவளியில் விழுந்த அவருடைய வீட்டின் ஒரு சுவர் நின்றது. அதில் சாய்த்துத் தென்னங்கிடுகால் ஒரு கூரை இறக்கி மேசையைப் போட்டார். பெண்கள் முக்காட்டுக்குள் ரேடியோவை மறைத்துக்கொண்டு வந்தார்கள். பிறகு தமிழர்-முஸ்லிம் பிரச்சினை நாட்களில், ஊர் விட்டு ஊர் போகப் பயந்த நேரத்திலும், செய்தி கேட்க வேண்டுமென்று பாண்டிருப்பிலிருந்து தமிழ்ப் பெண்கள் கூட வந்தார்கள். அதற்குப் பிறகு டீவி...

பார்ட்ஸ் மட்டும் என்னிடம் வாங்கினார். விலை பேசும்போது "தம்பீ" என்று ஒரு இழுப்பு இழுப்பார். அதோடு நான் காலி.

மேசைக்கு அடுத்து அந்தக் கூரைக்குக் கீழே வந்தது ஒரு அடுப்பு. முதல் சோறு ஆக்கிய அன்று ஒரு கோப்பை என் கடைக்கும் வந்தது. உப்புக் கூடிவிட்டது. முழுவதையும் சாப்பிட்டேன்.

இன்று ஜனாஸா வீட்டுக்குப் போய்வந்தேன். அதே வளவு, இப்போது மகளின் கல்வீடு. நடுவில் திரை கட்டியிருந்தார்கள். ராத்தா அந்தப் பக்கம்.

நான் அன்னிய ஆண், முகம் பார்க்க முறையில்லை. இந்தப் பக்கம் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். யாஸீன் ஓதும் சத்தம் மட்டும் கேட்டது...

போயிட்டு வாங்க ராத்தா. அல்லாஹ் உங்கட கபுறை வெளிச்சமாக்கட்டும்.