கெட்ட செய்திக்கு ஒரு டீ

யாராவது தன்னை நோக்கி வேகமாக நடந்து வந்தால் சத்தியநேசன் முதலில் காதிலிருக்கும் பஞ்சை எடுத்துவிடுவார். ராஜபாளையத்து நூற்பாலையில், எந்திரங்கள் ஓடும் நேரத்தில் இது சாதாரணக் காரியமில்லை. மற்ற சூப்பர்வைசர்கள் பஞ்சோடே தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். இவர் முழுதும் கேட்பார். வந்தது கெட்ட செய்தியாக இருந்தால், "சொன்னதுக்குச் சந்தோசம். என் கணக்குல ஒரு டீயக் குடிச்சிட்டுப் போ" என்பார்.

சில வருடங்களுக்கு முன் நிர்வாகம் ஒரு ஓட்டல் மாடியில் தலைமைப் பண்புப் பயிற்சி நடத்தியது. கோட்டு போட்டு வந்த ஒருவர், செங்கிஸ் கானிடம் நாம் கற்க வேண்டியவை என்று திரையில் படம் காட்டினார். மற்றவர்கள் இலவசப் பையை வாங்கிக்கொண்டு அத்தோடு மறந்தார்கள். சத்தியநேசனைக் கான் பிடித்துக்கொண்டான். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குப் போகும் வழியில், பஸ் ஸ்டாண்டு கடையில் அட்டை கிழிந்த புத்தகம் ஒன்றைத் தேடி வாங்கினார்.

கான் தன் படையைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்தான். இவரும் ஷிஃப்டை அப்படிப் பிரித்தார். சேத்தூர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பாதிப் பேர் லீவு போட்டதும் அது கலைந்தது. கான் வீரர்களோடு உட்கார்ந்து தின்றான். இவரும் தூக்குச்சட்டியோடு போய் நூலைக் கோனில் சுற்றும் பெண்கள் நடுவே உட்கார்ந்தார். எல்லோரும் தலையைக் குனிந்து சாப்பிட்டார்கள். கடைசியில் காளீஸ்வரிதான் சொன்னாள்: "நீங்க இங்கன ஒக்காந்தா நாங்க யாரப் பத்தி சார் பேச?"

வீட்டில் மனைவி அன்னாளின் கவலை வேறு. "குதிர வேணும்னு நிக்காம இருந்தாச் சரி. இருக்கிற வண்டிக்கு மொதல்ல பிரேக்க மாத்துங்க."

மிஞ்சியது தூதுவர் விஷயம் ஒன்றுதான். கான் அனுப்பிய தூதுவரை ஒரு மன்னன் கொன்றுவிட்டான். கான் அந்த நாட்டையே அழித்தான். செய்தி கொண்டுவருபவரைத் தொடக்கூடாது என்பதைச் சத்தியநேசன் எடுத்துக்கொண்டார். ஆனால் எரிந்த ஊர்களில் இருந்தவர்கள் எந்தத் தூதுவரையும் கொன்றவர்கள் அல்லவே என்று தோன்றிய இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தார். பிறகு திறக்கவில்லை. வெற்றி வீரர்களிடம் பாடம் கற்பவர்கள் பிணங்களைத் தாண்டித்தான் கற்கிறார்கள். இவர் அங்கே கொஞ்சம் நின்றார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

டீயால் ஆலை திருந்திவிடவும் இல்லை. சின்னக்கருப்பன் என்பவர் தினமும் ஒரு கெட்ட செய்தியோடு வருவார். "சார், ஃபேன் சத்தம் ஒரு தினுசா கேக்கு." சத்தியநேசன் ஃபேனைப் பார்ப்பார். அது எப்போதும் போலத்தான் சுற்றும். அதற்கும் டீ உண்டு.

அடுத்த ஷிஃப்டில் இந்த வழக்கமில்லை. போன வருடம் ஹெப்சிபா என்ற பெண், நூல் கலந்துபோனதைத் தானே போய்ச் சொன்னாள். அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். அதன்பின் அந்த ஷிஃப்டில் தப்பே நடப்பதில்லை. நெய்த துணி திரும்பி வரும்போதுதான் தெரியும்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மதியம், காளீஸ்வரி வேகமாக வந்தாள். சத்தியநேசன் பஞ்சை எடுத்தார்.

"மஞ்சக் கோன்ல நாப்பதாம் நம்பர் நூலச் சுத்திட்டேன் சார். மஞ்சள் அறுவதாம் நம்பருக்குல்லா? சாக்கு லாரில ஏறிட்டு. சொல்லாமப் போயிரலாம்னுதான் இருந்தேன்."

நாற்பது தடித்த நூல், அறுபது மெல்லியது; இரண்டும் ஒரே துணியில் போனால் கோடு விழும். லோடு முழுவதும் திரும்பும். வாசலில் லாரி தார்ப்பாய் கட்டி நின்றது. கேன்டீனில் டிரைவர் கடைசி வாய் டீயில் இருந்தார். காளீஸ்வரிக்கும் ஒரு டம்ளர் வந்தது. அவள் குடிக்காமல் கையில் பிடித்திருந்தாள். மகள் கிருஷ்ணன்கோவிலில் படிக்கிறாள். இந்த வேலை இருக்கும்வரைதான் அந்தப் படிப்பு.

சத்தியநேசன் கூப்பிட்டபோது முதலாளி ஒரு கல்யாணத்தில் இருந்தார். போனில் நாதஸ்வரம் கேட்டது.

"லாரிய நிறுத்தணும் முதலாளி. சாக்கப் பிரிச்சு மாத்தணும்."

"யாரு பண்ணது?"

"அது எதுக்கு முதலாளி?"

"பேரச் சொல்லுங்க. மத்தது பொறவு."

சத்தியநேசன் சுவரில் சாய்ந்துகொண்டார். கானுடைய தூதுவர்களுக்குப் பின்னால் ஒரு பெரும்படை இருந்தது. அந்தப் பயம்தான் அவர்களுக்குக் காவல். காளீஸ்வரிக்குப் பின்னால் இருப்பது, எப்போதடா ஓய்வு வரும் என்று காத்திருக்கும் ஒரு சூப்பர்வைசர். அவருக்கு உண்மையில் அந்த நேரத்தில் உட்கார வேண்டும் போலத்தான் இருந்தது.

"பேரக் கேட்டு வாங்கினா அடுத்த வாட்டி சொல்ல ஆளு வராது முதலாளி."

"அப்ப உங்க பேரப் போட்டுக்கிடவா?"

"போட்டுக்கிடுங்க."

மறுமுனையில் குரல் உயர்ந்தது. இத்தனை வருட சர்வீஸ், வயதான காலம், யாருக்காக இது என்றெல்லாம் கேட்டது. டிரைவர் டம்ளரை வைத்துவிட்டு லாரிக்கு நடந்தார். சத்தியநேசன் போனை அணைக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவரை முந்திப் போனார். தார்ப்பாய்க் கயிறு மழையில் நனைந்து இறுகியிருந்தது. விரல் வழுக்கியது. பையிலிருந்து முதலாளி பேசிக்கொண்டே இருக்க, அவர் குனிந்து முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார்.