சீசா வந்தது, சீக்காளி வரவில்லை

கம்பவுண்டர் என்றால் மருந்து கலக்குகிறவன் என்று ஊரார் நினைக்கிறார்கள்; உண்மையில் அவன் வாய் இருந்தும் பேசாதவர்களோடு மல்லுக்கட்டுகிறவன்.

வெள்ளைக்காரன் காலத்தில் ராசிபுரம் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஆஸ்பத்திரி என்று பெயர், அவ்வளவுதான். ஒரு டாக்டர், ஒரு ஆயா, நான், வாசலில் ஒரு புளியமரம். மருந்து இனாம், சீசா மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும். விளக்கெண்ணெய் சீசாவோ சாராய சீசாவோ, கழுவி மிக்ஸ்சரை ஊற்றி, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்டக் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டிக் கொடுப்பேன். அதிலெல்லாம் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. சீசா வரும், சீக்காளி வரமாட்டார். அதுதான் சங்கடம். தப்பித் தவறி வந்தாலும் வாயைத் திறக்கமாட்டார். எங்கே வலிக்கிறது என்று தன் வாயால் சொல்ல நம் சனங்களை யாரும் பழக்கிவிடவே இல்லை. மருந்து மேசைக்கு இந்தப் பக்கம் நின்று அவதிப்பட்ட என் சகபாடிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வண்டியில் இருந்த வயிறு

ஒரு பண்ணையக்காரரின் ஆள் சீசாவோடு வந்து நின்றான். எசமானுக்கு வயிறு சரியில்லையாம். வலியா, கடுப்பா, பேதியா என்றால் அவனுக்குத் தெரியவில்லை. "கேட்டுட்டு வாரனுங்க" என்று ஓடினான். உடனே திரும்பி வந்து, கடுப்பு என்றான். எத்தனை நாளாக என்றால் மறுபடி ஓட்டம். எங்கேயடா இத்தனை சீக்கிரம் போய்வருகிறான் என்று எட்டிப் பார்த்தேன். புளியமரத்தடியில் வில்வண்டிக்குள் எசமானே உட்கார்ந்திருக்கிறார்! இறங்கி வந்து கூலிக்காரர்களோடு வரிசையில் நிற்க அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ரத்தமாகப் போகிறதா, சளியாகப் போகிறதா என்று அவரையே உரக்கக் கேட்டேன். வரிசை முழுக்க வண்டிப் பக்கம் திரும்பியது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஏனுங்க கம்பவுண்டரே, வயிறு எனக்குத்தானுங்க, ஊருக்கெல்லாம் எதுக்குங்க?"

தெருவுக்கே இருமல் மருந்து

வெண்ணந்தூர்க்காரர் ஒருவர், தறி நெய்கிறவர். நெஞ்சுச்சளியில் மூச்சு வாங்கியது. ஒரு வாரத்துக்கு மருந்து கொடுத்தனுப்பினேன். மறுநாளே காலி சீசாவோடு வந்து நின்றார், அதே இளைப்போடு. ஒரே நாளில் குடித்துவிட்டாரா என்று பதறிப்போனேன். அவர் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் கொஞ்சம் கேட்டாராம், பங்காளி கொஞ்சம் கேட்டாராம், இருமலே இல்லாத ஒருவர் எதற்கும் இருக்கட்டும் என்று கேட்டாராம். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு இவர் ராத்திரி முழுக்க இருமியிருக்கிறார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வராதா ஐயா உமக்கு என்று கத்தினேன். அவர் என்னைத்தான் பாவமாகப் பார்த்தார். "கேட்டவங்க மொகத்தப் பாத்து எப்படீங்க இல்லீங்கறது?"

ஊட்டுல காய்ச்சல்

செங்கோடன் என்று ஒரு சம்சாரி. பெண்டாட்டி என்று சொல்லமாட்டான்; "ஊட்டுல" என்பான். ஊட்டுல காய்ச்சல், குளிர், மருந்து வேண்டும் என்று சீசாவை நீட்டினான். துருவிக் கேட்டதில், நல்லாயி என்கிற அந்தப் பெண் பிள்ளை பெற்று ஒரு மாதம்தான் ஆகிறது என்று தெரிந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சல் என்றால் நாங்கள் லேசில் விடமாட்டோம். அந்தக் காலத்தில் அப்படிப் போய்ச் சேர்ந்தவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. டாக்டர் தற்சமயத்துக்குக் காய்ச்சல் மிக்ஸ்சர் கொடுக்கச் சொல்லி, நாளைக்கே ஆளைக் கூட்டிவா என்று கண்டித்து அனுப்பினார்.

நாலைந்து நாள் கழித்து மறுபடி சீசாதான் வந்தது. காய்ச்சல் விடவில்லையாம். பிள்ளைக்கு ஆட்டுப்பால் புகட்டுகிறார்களாம். ஏன் தாய்ப்பால் என்ன ஆச்சு என்றேன். அவன் தரையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். அடேய், அவள் செத்துப்போவாளடா என்று நான் போட்ட சத்தத்தில் டாக்டரே எழுந்து வந்துவிட்டார். அப்போதும் அவன் சொன்னது இதுதான்: "பொம்பளைய எப்படீங்க இத்தன ஆம்பளைங்க மத்தியில கொண்டாந்து நிறுத்தறது?"

மாமியாரின் நாக்கு

ஒருவழியாக நல்லாயி வந்தாள். கூடவே மாமியாரும் வந்தாள். பெண்ணுக்கு நிற்கத் தெம்பில்லை. முந்தானைக்குள் ஒரு கையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். டாக்டர் அவளைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கெல்லாம் மாமியார் பதில் சொன்னாள். பசிக்கிறதா? பசிக்கிறதாம். தூக்கம்? நன்றாகத் தூங்குகிறாளாம். வேறெங்காவது வலி? ஒன்றுமே இல்லையாம். நாக்கை நீட்டு என்றார் டாக்டர். இப்படி வெள்ளையாக இருக்கிறது என்று மாமியார் தன் நாக்கை நீட்டிக் காட்டினாள்! வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்தக் கிழவியைப் பிடித்து வெளியே தள்ளலாம் போலிருந்தது.

நெற்றியைத் தொட்டுப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். கொதித்தது. வேறு வழியில்லாமல் அதே மிக்ஸ்சரைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கச் சொன்னார். நான் சீசாவுக்குக் கை நீட்டினேன். நல்லாயி கொடுக்கவில்லை. இன்னும் ஒரு சீசா காய்ச்சல் மருந்தோடு வீட்டுக்குப் போனால் திரும்பி வரப்போவதில்லை என்று அவளுக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டும். மாமியார் முழங்கையைப் பிடித்து இழுக்க இழுக்க, டாக்டர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "காச்ச மருந்து போதுமுங்க, எனக்கு மார்ல கட்டிங்க."

மானம்

ஆயா உள்ளே கூட்டிப்போய்ப் பார்த்தாள். ஒரு பக்கத்து மார் பூராவும் சீழ் கட்டியிருந்தது. மேலே ஏதோ இலையை அரைத்துப் பத்துப் போட்டிருந்தார்கள். அதாவது, மாமியாருக்குத் தெரியும், செங்கோடனுக்கும் தெரியும்! தெரிந்தே காய்ச்சல் என்று சொல்லி மருந்து வாங்கிப் போயிருக்கிறார்கள். அந்த வார்த்தையை வெளியில் சொல்ல வெட்கம். ஒரு பெண்ணின் உயிரைவிட அவர்களுக்கு அந்த வெட்கம் பெரிதாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. டாக்டர் கீறிச் சீழை வெளியேற்றினார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் என் கையில் ஒன்றுமில்லை என்றார்.

பெண் பிழைத்தாள். ஒருநாள் கட்டு மாற்ற வந்தபோது, நல்ல பக்கத்தில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. மாமியார் மட்டும் அடங்கவில்லை. இத்தனை ஆம்பளைகள் முன்னால் அந்தப் பேச்சைப் பேசிக் குடும்ப மானத்தை வாங்கிவிட்டாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பினாள். நல்லாயி பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னாள்: "நாஞ் செத்திருந்தா ஊரே கூடி மாரடிச்சு அழுதிருப்பீங்க, அத்தே. எம் மாரு வலிக்குதுன்னு நாஞ் சொன்னா மட்டும் மானம் போயிருமுங்களா?"

அத்தனை வருஷம் நான் கலக்கிக் கொடுத்ததில் வாயைத் திறக்க வைக்கிற மருந்து ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண் எங்கே வாங்கிக் குடித்தாளோ, தெரிந்திருந்தால் ஜில்லா பூராவுக்கும் இனாமாகவே ஊற்றியிருப்பேன்.