அக்கா கனடாவில் விசாரித்த வழக்கு

அக்கா அவுஸ்திரேலியாவில் நீதிபதி. இங்கே கனடாவில் சட்டம் படிக்க இடம் கிடைக்காமல்தான் அங்கே போனாள். "மூண்டு வருசத்திலை வந்திடுவாள்" என்று அப்பா ஸ்காபரோ முழுக்கச் சொல்லி வைத்தார். படித்தாள், ஒரு சட்டத்தரணிக்குக் கோப்புச் சுமந்தாள், சின்ன ஊர்க் கோர்ட்டுகளில் ஆட்டுக் கள்வர்களுக்காக வாதாடினாள், கடைசியில் மேலே ஏறி உட்கார்ந்தும் விட்டாள். திரும்பி மட்டும் வரவில்லை. அதுவரை "படிக்கப் போனவள்" என்று அவளைச் சொல்லிக்கொண்டிருந்த அப்பா, அதன் பிறகு கோயிலில் செருப்புக் கழற்றும் இடத்தில்கூட "என்ரை மூத்தவள் ஜட்ஜ்" என்றார். இளையவள் நான் பக்கத்தில் நின்று அவருடைய செருப்பை ஒதுக்கி வைப்பேன். எரிச்சல் எரிச்சலாக வரும்.

போன கோடையில் அவள் விடுமுறைக்கு வந்தாள். இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. கார் ஓடுவதை நிறுத்துங்கள் என்று சொல்லிச் சொல்லி நான் களைத்துவிட்டேன். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால். ஜட்ஜ் சொன்னால் கேட்பார். ஆகவே நாங்கள் இப்போது இருக்கும் அஜக்ஸிலிருந்து ஸ்காபரோவுக்கு அப்பாவின் காரில் மரக்கறி வாங்கப் போனபோது அக்காவை வேண்டுமென்றே முன்சீட்டில் ஏற்றிவிட்டு, நான் பின்னால் இருந்தேன்.

மரக்கறிக்கடை இருந்த பிளாசாவுக்குள் திரும்பும்போது எதிரே வந்த பஸ்ஸை அப்பா காணவில்லை. அது ஹோர்ன் அடித்தபடி ஒரு முழம் தள்ளி நின்றது. அக்காவின் கைப்பை காலடியில் விழுந்து கொட்டுண்டது.

வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் வழக்கைத் தொடங்கினேன்.

"அப்பா, பஸ் ஹோர்ன் அடிச்சது கேட்டதோ?"

"கேட்டது. தெரிஞ்ச பெடியனாக்கும்."

அக்கா சிரிக்கவில்லை. "நீங்கள் பஸ்ஸைக் கண்டனீங்களோ?"

"பிள்ளை, உங்கடை நாட்டிலை இடப்பக்கத்தாலை ஓடுகினம். உனக்கு இஞ்சை எல்லாம் மாறித்தான் தெரியும். உன்ரை தீர்ப்பு இஞ்சை செல்லாது."

வழக்குப் போட்ட எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்கா கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஓம் அப்பா, செல்லாது. நான் உங்கடை மகள். சொந்தக்காரரின்ரை வழக்கை நாங்கள் எடுக்கிறேல்லை. நான் விலகுறன்."

எனக்குப் பொல்லாத கோபம். இவ்வளவு தூரம் பறந்து வந்து நழுவுகிறாளே! அப்பாவோ வென்ற முகத்துடன் தேத்தண்ணியை உறிஞ்சினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, நான் ஆரோ ஒரு கிழவனெண்டால் என்ன சொல்லியிருப்பாய்?"

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்குப் பொய் சொல்ல வராது என்பது அவளை வளர்த்தவருக்குத் தெரியும். அப்பா சட்டைப் பையிலிருந்து கார்த் திறப்பை எடுத்து மேசையில் வைத்தார். நான் வென்றுவிட்டேன். ஆனால் ஒரு சந்தோஷமும் இல்லை.

"விளங்குது, யுவர் ஆனர்," என்றார். "ஆனா ஒரு கண்டிசன். வெள்ளிக்கிழமை கோயில், சனிக்கிழமை மரக்கறிக்கடை, செவ்வாய்க்கிழமை கூட்டாளியள். எல்லா இடமும் உவள் என்னை ஏத்திக்கொண்டு போகவேணும்."

உவள் என்றது என்னை. வழக்குப் போட்டவளுக்கே தண்டனையா?

"எத்தினை நாளைக்கு?" என்று கேட்டேன்.

விலகிய நீதிபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு வழக்குக்குத் திரும்பி வந்தாள். "ஆயுள் தண்டனை."

"என்ரை ஆயுளுக்குத்தான்," என்றார் அப்பா. "கனக்க யோசியாதை."