சம்மணத்துக்கு ஆகாத பேண்ட்

ஜவுளிக்கடையில் சேலை காட்டுகிறவனுக்கு நாற்காலி கிடையாது. வெள்ளை விரித்த மெத்தையில் காலையிலிருந்து கடை சாத்தும்வரை சம்மணம்தான். கல்வராயன் மலையிலிருந்து கல்யாணத்துக்குச் சேலை எடுக்க இருபது பேர் வந்து உட்காருவார்கள். அவர்கள் எழுந்திருக்கும்வரை நாங்களும் எழ முடியாது. வேட்டி கட்டியிருந்தவரை அதில் ஒரு தொல்லையும் இல்லை.

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த கடையின் முதலாளி மெட்ராசில் எதையோ பார்த்துவிட்டு வந்து, இனி எல்லோருக்கும் யூனிபாரம் என்றார். ஆளுக்கு இரண்டு செட். நீலச் சட்டை, கறுப்புப் பேண்ட். அந்த ஆள் ஒருநாளாவது அதைப் போட்டுக்கொண்டு சம்மணம் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் இடுப்புக் கொக்கியைக் கழற்றிவிட்டு, விரித்த சேலையை மடியில் இழுத்து மறைத்துக்கொள்வோம். அப்படியும் தொடையிடுக்கில் தையல் விட்டுப்போகும். ஒரு பேண்ட் எப்போதும் டெய்லரிடம்தான் கிடக்கும். மற்றதும் கிழிந்து இரண்டு முறை வேட்டியில் போனேன்.

"மூணாவது தபா இப்டி வந்தா, அப்டியே வூட்டுக்குப் போய்க்கினே இரு" என்றார் முதலாளி.

எங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷம் அது. பஸ் இல்லை. டெய்லரும் கடையைச் சாத்திவிட்டு மறியலுக்குப் போய்விட்டார். கையிலிருந்த ஒரே பேண்ட்டைப் போட்டுக்கொண்டு நடந்தேன். எலவனாசூர்கோட்டைச் சாலையில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டு எங்கள் ஊர்க்காரர்களே உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாடா, கலெக்டரு கணக்கா எங்க கெளம்பிட்ட? ஒனக்கும் சேத்துதான் ஒக்காந்துகினுகிறோம்."

"வேல பூடும் மாமா."

"பூட்டா பூடட்டும். கவர்மெண்டு வேல வரும், ஒக்காரு."

சிரித்தார்கள். நான் மரத்தைத் தாண்டக் காலைத் தூக்கிப் போட்டேன். பேண்ட் முழங்கால்வரை கிழிந்தது. இன்னும் சிரித்தார்கள். அந்த மாமாதான், ஜெயிலுக்குப் போனால் உதவும் என்று கொண்டுவந்திருந்த மாற்று வேட்டியை எடுத்துக் கொடுத்தார்.

கடைக்குப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. துணி வாங்க ஒரு ஆள் இல்லை. முதலாளி என் இடுப்புக்குக் கீழேதான் பார்த்தார்.

"வர்ற வழில கிழிஞ்சிபோச்சி மொதலாளி. இதோ, பையில கீது பாருங்க."

"எத்தினியாவது தபா?"

"மூணுங்க."

"நட."

கிழிந்த பேண்ட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். துணி கடையுடையதாம்.

அதே சாலையில் திரும்பி வந்தேன். "இன்னாடா, அதுக்குள்ள தொரத்திட்டானா?" என்று மாமா கேட்டார். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இட ஒதுக்கீடு கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்ததாக எழுதினால் அது பொய். வீட்டில் போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.