இறக்கத்தில் அணைத்த இஞ்சின்

உள்ளறையிலிருந்து மூன்று தரம் ‘பீப்’ என்று கேட்டது. அதன் பின்னால் ஓர் இரைச்சல் எழுந்து, காலையிலிருந்து தனக்கு ஓய்வே இல்லை என்பது போல நல்ல பிள்ளையாக ஓடத் தொடங்கியது.

வாசலில் சாவியைத் திருப்பிய கை அப்படியே நின்றுவிட்டது அவளுக்கு. அணைத்து வைத்த ஆக்சிஜன் மெஷினை மறுபடி போடும்போது மட்டும் வரும் சத்தம் அது. கொண்டுவந்து வைத்த அன்றே மெஷின்காரர் சொல்லியிருந்தார். தூங்கும்போதும் சாப்பிடும்போதும்கூட அணைக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

சீருடை தைக்கும் கம்பெனியில் காலர் வைப்பது அவள் வேலை. சட்டையின் மற்ற பாகங்கள் யாரோ தைத்துத் தள்ளுவார்கள், காலர் மட்டும் அவளிடம் வரும். அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் காலர் அக்கா. தினமும் இருட்டும் நேரத்தில்தான் வீடு திரும்புவாள். செருப்பு தேய மூன்று மாடி ஏறி வருவதற்குள் கீழ்வீட்டுக்காரியிடம் நாலு வார்த்தை, இரண்டாம் மாடியில் ஒரு பெருமூச்சு. உள்ளே இருப்பவருக்குத் தயாராக வேண்டிய அவகாசம் கிடைத்துவிடும். இன்றைக்கு மெஷின்காரர் மீட்டர் பார்க்க வருவதாகப் போன் செய்ததால் மதியமே பர்மிஷன் போட்டு வந்திருந்தாள். வருஷத்தில் பாதி நாள் படுத்துக் கிடக்கும் லிஃப்ட் இன்றைக்கென்று வேலை செய்தது.

“ஏங்க, மெஷின் ஓடிட்டேதான இருந்துச்சு?”

“ஓடாம? காலையில நீ போனப்ப ஓடினது அப்படியேதான் ஓடுது.”

கட்டிலில் உட்கார்ந்திருந்தார் டிரைவர், அவள் புருஷன். மூக்கில் மாட்டும் குழாய் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு காதுக்கு மேலே தொங்கியது. உதடு கறுத்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது.

“பொய் சொல்றதுக்கு உங்ககிட்ட லைசென்ஸ் கிடையாதுங்க. வேற யாராவது சொன்னா நம்புவேன்.”

அவர் குழாயைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“நின்ன வண்டிக்கு எதுக்கும்மா இஞ்சின்? சும்மா உக்காந்துதான இருக்கேன். மூச்சு முட்டுறப்ப போட்டுக்குவேன்.”

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டிய மனிதர் அவர். நிறுத்தத்தில் இஞ்சினை அணைப்பார், சிக்னலில் அணைப்பார். இறக்கம் வந்தால் அங்கேயும் அணைத்துவிட்டு வண்டியைச் சும்மா உருட்டுவார். பயணிகள் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தங்கள் தெய்வங்களைக் கூப்பிடுவார்கள். டீசல் மிச்சம் பிடித்ததற்காக டிப்போவில் ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு கொடுத்தார்கள். கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் அது இன்னும் ஓடுகிறது. அதற்குக் கீழேதான் ஆக்சிஜன் மெஷின். முன்பு அந்த இடத்தில் அவளுடைய தையல் மெஷின் இருந்தது.

அது போன கதை சின்னதுதான். இவருடைய வைத்தியமெல்லாம் அவள் கம்பெனி இன்சூரன்ஸில் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் வந்து, இன்சூரன்ஸ் மாறிவிட்டது என்று ஆளுக்கொரு புதுக் கார்டு கொடுத்தார். பளபளவென்றிருந்தது. அந்த வாரமே டிரைவரை மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. பழைய இன்சூரன்ஸ்காரர்கள் எங்கள் காலம் முடிந்தது என்று கை கழுவினார்கள். புதியவர்கள், இது எங்கள் காலத்துக்கு முன்பே வந்த நோய் என்றார்கள். நடுவில் கிடந்த பில் அவள் தலையில் விழுந்தது. வீட்டுத் தையல் மெஷினை விற்றாள், சேமிப்பைத் துடைத்தாள், மிச்சத்துக்கு ஆஸ்பத்திரியில் தவணை கேட்டாள். அவள் பேசிப் பேசி அழுத பிறகு, கடைசியில் புதியவர்கள் ஆக்சிஜன் மெஷினின் வாடகையில் பாதியை மட்டும் தருவதாக இறங்கி வந்தார்கள்.

தையல் மெஷினை நான்கு பேர் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோது அவள் அழவில்லை. டிரைவர்தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்கே முளைத்திருக்க வேண்டும் இந்த மிச்சம் பிடிக்கும் எண்ணம்.

“எத்தனை நாளா இது?” என்றாள்.

அவர் பதில் சொல்வதற்குள் அழைப்பு மணி அடித்தது.

மெஷின்காரர் முழங்கால் வலிக்காரர். லிஃப்ட் மறுபடி படுத்துவிட்டதாம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

“சார் எப்படி இருக்கீங்க?”

“டாப் கியர்ல இருக்கேன்.”

“மீட்டர் என்ன சொல்லுதுன்னு பாப்போம்.”

மெஷினின் பின்பக்கம் ஒரு சின்ன மூடியைத் திறந்து, அது ஓடிய மணிக்கணக்கைக் குனிந்து பார்த்தார். போனை எடுத்துப் போன தடவைக் கணக்கோடு ஒப்பிட்டார். மறுபடியும் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“அக்கா, மெஷின் ஓடவே இல்லையே! ராத்திரி மட்டும் போடுறீங்களா?”

அவள் டிரைவரைப் பார்த்தாள். டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“குறைவா ஓட்டினா வாடகை குறையும்ல?” என்றார் டிரைவர். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“இதென்ன டாக்ஸியா சார், ஓடின தூரத்துக்குக் காசு வாங்க? ஓடினாலும் ஓடாட்டாலும் மாச வாடகை ஒண்ணுதான். மீட்டர் எதுக்குத் தெரியுமா? நிறைய ஓடியிருந்தா ஆளுக்கு மெஷின் தேவைன்னு அர்த்தம். கம்மியா ஓடியிருந்தா தேவையில்லைன்னு அர்த்தம். புது இன்சூரன்ஸ்ல அப்படித்தான் பாக்குறாங்க. இந்தக் கணக்கை அனுப்பினா, பாதிப் பணத்தையும் நிறுத்திட்டு, மெஷினைத் தூக்கிட்டு வந்துடுன்னுவாங்க.”

பாவி மனுஷன், அவளுக்கு மிச்சம் பிடித்துக் கொடுப்பதாக நினைத்துத் தன் மூச்சை அல்லவா வெட்டிக்கொண்டிருந்தார்!

டிரைவர் குழாயைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார்.

“அப்ப எடுத்துட்டுப் போங்க. மீட்டர் சரியாத்தான் சொல்லுது. எனக்குத் தேவையில்ல.”

“என்னங்க பேசுறீங்க?”

“பாரு, நடந்து காட்டுறேன்.”

எழுந்துவிட்டார். கட்டிலிலிருந்து கடிகாரச் சுவர் வரைக்கும் நடை. முதல் சில அடிகள் பழைய மிடுக்கோடு வைத்தார். பிறகு தோள் இரண்டும் காதுவரை ஏறின. சுவரைத் தொட்டதும் அப்படியே சாய்ந்துவிட்டார். வாய் திறந்து திறந்து மூடியது, காற்று போகவில்லை. அவள் பாய்ந்து பிடித்தாள். மெஷின்காரர் முழங்காலை மறந்து ஓடிவந்து குழாயை மாட்டினார்.

மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை அவள் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். வந்ததும் வெடித்துவிட்டாள்.

“அத்தனை வருஷம் ஓட்டினீங்களே, ஏத்தின ஆளை ஒரு தடவையாவது நடுவழியில இறக்கிவிட்டிருக்கீங்களா? என்னை மட்டும் இறக்கிவிட எப்படி மனசு வந்துச்சு?”

“உன் தையல் மெஷின் போச்சேம்மா...”

“போனா போகுது! அதுவா என்கூடப் பேசப் போகுது? அதுவா நான் வர்ற வரைக்கும் கதவைப் பாத்துட்டு உக்காந்திருக்கப் போகுது?”

டிரைவர் முகத்தை மூடிக்கொண்டார். மெஷின்காரர் ஜன்னலுக்கு வெளியே ஏதோ அவசரமான காட்சி இருப்பது போல அங்கே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

“மீட்டரை என்னால மாத்த முடியாது அக்கா. ஆனா ஏன் ஓடலைன்னு பேஷன்ட்டே சொன்னா, அதை ரெக்கார்டு பண்ணிக் கணக்கோட அனுப்பலாம். டாக்டரும் ஒரு வார்த்தை சொல்லிட்டா இன்னொரு மாசம் விட்டுப் பாப்பாங்க. அது நிச்சயம். அதுக்கப்புறம் சார் கையிலதான் இருக்கு. சொல்லுங்க சார்.”

போனை முன்னால் நீட்டினார். டிப்போவின் பரிசுக் கடிகாரத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து, தான் மிச்சம் பிடித்தது தப்பு என்று சொல்வது அந்த மனிதருக்கு லேசான காரியமில்லை. இரண்டு தடவை ஆரம்பித்து நிறுத்தினார். மூன்றாவது தடவை அவள் அவர் முதுகில் கை வைத்தாள்.

“நான் பஸ் டிரைவர். இஞ்சினை அணைச்சா மிச்சம்னு பழகிட்டேன். இவ வேலைக்குப் போனதும் மெஷினை அணைச்சிடுவேன், வர்ற சத்தம் கேட்டா போடுவேன். தப்புதான். மெஷின் இல்லாம என்னால அந்தச் சுவர் வரைக்கும் நடக்க முடியாது. இப்பத்தான் நடந்து பாத்தேன்.”

“போதும் சார். நல்லா சொன்னீங்க.” மெஷின்காரர் பையை மூடினார். “பாதி வாடகையை மட்டும் நீங்கதான் கட்டணும் அக்கா. அதுல நான் செய்யறதுக்கு ஒண்ணுமில்ல.”

“அது என் பாடுங்க. காலரோட பாக்கெட்டும் நானே தைக்கிறேன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன்.”

“எப்ப சொன்ன?” என்றார் டிரைவர்.

“நீங்க மட்டும்தான் மறைப்பீங்களா?”

அவளுக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. குழாயை ஒரு தரம் சரிபார்த்துவிட்டு, மெஷின்காரரோடு சேர்ந்தே வெளியே வந்தாள். அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முனகிக்கொண்டே படியிறங்கினார். அவள் கதவைச் சாத்திப் பூட்டினாள். போக மனமில்லாமல் கதவில் காதை வைத்தாள்.

இரைச்சல் நிற்கவில்லை.

“கேக்குதா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஓடிட்டுதான் இருக்கு. நீ போய்ட்டு வா.”

மூடிய கதவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அவள் படியிறங்கினாள்.