தீபத்தன்று லீவு

என்னை உற்சாகப்படுத்த யாராவது கிளம்பி வந்தால் இன்றும் எனக்கு வயிறு எரியும். காரணம், திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் நான் வேலை பார்த்த லாட்ஜ். நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் அங்கே எனக்கு ரூம் பாய் என்றுதான் பெயர். பெட்ஷீட் மாற்றுவது, வெந்நீர் கொண்டுபோவது, வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆசிரமத்துக்கு வழி காட்டுவது எல்லாம் என் வேலை. பெரிய முதலாளி உயிரோடு இருந்தவரை எங்களை யாரும் உற்சாகப்படுத்தவில்லை. அவர் கத்துவார், நாங்கள் முணுமுணுப்போம், வேலை நடந்துவிடும்.

அவர் போன பிறகு மகன் கல்லாவில் உட்கார்ந்தான். என்னைவிடச் சின்னவன். சென்னையில் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்தான், அன்றிலிருந்து பிடித்தது சனியன். காலையில் எல்லோரும் ரிசப்ஷனில் வட்டமாக நின்று கைதட்ட வேண்டும். "நாம எல்லாம் ஒரே ஃபேமிலி" என்பான். கக்கூஸ் கழுவுகிற அம்மா ஈரக் கையோடு வந்து நின்று தட்டிவிட்டுப் போவாள். அந்தக் குடும்பத்தில் மதியச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட இடம் இருந்தது அவன் ஒருவனுக்குத்தான்.

ஒருநாள் கைதட்டி முடித்ததும் புதுத் திட்டம் ஒன்றைச் சொன்னான். யாரை கெஸ்ட்டுகள் ஜாஸ்தி பாராட்டுகிறார்களோ அவர்தான் அந்த வருஷத்து ஸ்டார். ஸ்டார் என்ன கேட்டாலும் இவன் செய்து தருவானாம். நான் எல்லோர் முன்னாலும் கேட்டேன். "தீபத்துக்கு லீவு குடுப்பீங்களா சார்?"

"ஸ்டார் ஆயிட்டு கேளு, தரேன்" என்றான்.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியாது. கார்த்திகை தீபத்துக்கு உலகமே திருவண்ணாமலைக்கு வரும். அந்த உலகத்துக்கு டவல் எடுத்துக் கொடுக்கிற உள்ளூர்க்காரன் தீபம் பார்க்கமாட்டான். எந்த லாட்ஜிலும் அன்றைக்கு லீவு கிடையாது. மலையில் தீபம் ஏற்றுகிற நேரத்தில் நான் ஏதாவது ஒரு அறையில் அடைத்துக்கொண்ட பாத்ரூமைக் குத்திக்கொண்டிருப்பேன்.

எனக்காகக்கூட நான் கேட்கவில்லை. அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டில் நானும் அம்மாவும்தான். மலையில் தீபத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அம்மா அன்றைய விரதத்தை முடிப்பாள். முன்பெல்லாம் வாசலில் நின்றாலே உச்சி தெரியும். பக்கத்தில் எவனோ மூன்று மாடி கட்டி மறைத்துவிட்டான். எதிர்வீட்டு மொட்டைமாடிக்குப் போனால் தெரியும், ஆனால் முட்டிவலியோடு அந்தப் படியில் ஏற ஒரு ஆள் பிடிக்க வேண்டும். அடுத்தவர்கள் கையைப் பிடிக்கமாட்டாள், அவ்வளவு வீம்பு. மலையடியிலேயே பிறந்து வளர்ந்தவள், டிவியில் தீபத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் எனக்கு அந்த மூன்று மாடியை இடிக்கலாம் போலிருக்கும்.

அதனால் மாடாக உழைத்தேன். காய்ச்சலில் கிடந்த ஒரு வெளிநாட்டுக்காரிக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். கிரிவலம் முடித்துக் கொப்புளத்தோடு வந்தவர்களுக்குக் கேட்காமலே உப்புப் போட்ட வெந்நீர் வைத்தேன். போகிறவர்களெல்லாம் போனில் என்னைப் பற்றி நல்லவிதமாக எழுதிவிட்டுப் போனார்கள். என்னோடு வேலை பார்த்தவன் ஒருவன் பெட்ஷீட் அறையில் மூட்டைக்குப் பின்னால் படுத்துத் தூங்குவான். "இன்னாத்துக்குபா இப்டி ஓடற?" என்று கேட்பான். எனக்கு அவனைப் பார்த்தாலே எரிச்சல்.

தீபத்துக்கு முந்தின வாரம் என்னை ஸ்டார் என்று அறிவித்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். என் போட்டோவைக் கொண்டுபோய்ச் செத்துப்போன பெரிய முதலாளி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, அவருக்குச் சுற்றியிருந்த சீரியல் பல்பை இழுத்து எனக்கும் சேர்த்துச் சுற்றினார்கள். துக்கம் விசாரிக்க ஆள் வராததுதான் பாக்கி. பொறுத்துக்கொண்டு லீவைக் கேட்டேன்.

சின்ன முதலாளி சிரித்தான். "இன்னாபா நீ? ஸ்டாரே லீவு போட்டுட்டா லாட்ஜு இன்னாத்துக்கு ஆவும்? தீபம் பதினோரு நாளு எரியப் போவுது, நிதானமா பாத்துக்க."

"அம்மா ஏத்தற நேரத்துல பாக்கணும்னு இருக்காங்க சார். வரேன்னு சொல்லிட்டேன்."

"அம்மாவுக்கு நான் வேணா ஸ்வீட் பாக்ஸ் குடுத்து அனுப்பறேன்."

தீபத்தன்று லீவு கிடைத்தது பெட்ஷீட் அறையில் தூங்குகிறவனுக்கு. அவன் கேட்டதும் சின்ன முதலாளி கொடுத்துவிட்டான். "நீ இருந்தும் ஒண்ணும் கிழிக்கப் போறதில்ல, போ" என்றான். நான் பொன்னாடையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டேன். சாயங்காலம் கெஸ்ட்டுகளெல்லாம் மொட்டைமாடிக்குப் போனார்கள், சின்ன முதலாளியும் குடும்பத்தோடு போனான். சாவிகளைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டுமாம், என்னைக் கீழே விட்டார்கள். ஊரே அரோகரா என்று அலறியபோது நான் ரிசப்ஷன் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே வீட்டில் அம்மாவும் அதே டிவியைத்தான் பார்த்திருப்பாள். வாய்விட்டு அவனைத் திட்டினேன். கேட்க ஆள் இல்லை.

மறுநாளிலிருந்து வேலை செய்வதை நிறுத்தினேன். சண்டை போடவில்லை. வெந்நீர் கேட்டால் ஆறிய பிறகு கொண்டுபோனேன். டவல் கேட்டால் சோப்பு கொடுத்தேன். யாராவது போனில் என்னைத் திட்டி எழுதினால் மனசுக்கு இதமாக இருந்தது. சுலபமாக இல்லை. கொப்புளக் காலோடு வருகிறவர்களைப் பார்த்தால் கை தானாக வெந்நீர்ப் பாத்திரத்துக்குப் போகும், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொள்வேன். சின்ன முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மனசைத் தளரவிடக்கூடாது என்று வகுப்பெடுத்தான். கைதட்டச் சொன்னபோது எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினேன். என் போட்டோ கீழே இறங்கியது.

அடுத்த தீபத்துக்கு லீவு கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "போ, போ" என்றான். ரிசப்ஷனில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் பொன்னாடையோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு என்ன ஆசை காட்டியிருந்தான் என்று நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மாவைப் பிடித்து எதிர்வீட்டு மொட்டைமாடிக்கு ஏற்றினேன். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினாள். உச்சியில் தீபம் தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், அழுதாள். நான் கொண்டுபோயிருந்த வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தேன். பாதி தின்றுவிட்டு என் தோளைத் தட்டினாள்.

"உங்க மொதலாளி நல்ல மனுசன்டா. நீ நல்லா வேலை செய்றத பாத்துட்டுதான லீவு விட்டிருக்காரு."

எதிரே தீபம் எரிந்துகொண்டிருந்தது. எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது.