பதினாலாம் கட்டிலின் சர்க்கரை

செத்துப்போனவருக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறதாம். தொண்ணூற்றெட்டு ஆடியில் திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் கிளம்பிய பேச்சு இது. ஆடியில் இந்த ஊரில் காற்றும் புரளியும் சேர்ந்தே வீசும். காற்று கண்ணில் மண்ணைப் போடும். மற்றதையும் அப்படித்தான் நினைத்தேன். ஆஸ்பத்திரி பாளையங்கோட்டையில் இருக்கிறது. பெயர் சொல்லமாட்டேன், எனக்கும் உடம்பு என்று ஒன்று இருக்கிறது.

செத்தவர் அம்மையப்பன் பிள்ளை, ஓய்வு பெற்ற தாசில்தார். வைகாசியில் அதே ஆஸ்பத்திரியில் காலமானார். பத்திரிகைக்குச் செய்தி தேடி, பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி ராஜராஜேஸ்வரி அம்மாள் ஒரு கட்டுத் தபால் உறைகளை எடுத்து வந்து வைத்தார். ஒவ்வொன்றிலும் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் அடித்த ரத்தச் சர்க்கரை முடிவு. எல்லாம் அவர் கண்ணை மூடிய பிறகு வந்தவை.

“முதல்ல நல்லாத்தான் இருந்துது தம்பி. தொண்ணூறு, நூறுன்னு வந்துது. சரி, போன இடத்துல நிம்மதியா இருக்காவன்னு நினைச்சேன். இந்தப் பத்துப் பதினைஞ்சு நாளா முன்னூறத் தாண்டுது. இருக்கையில நான் வாயக் கட்டுனேன். அங்கன யாரு கட்டுவா?”

“ஆஸ்பத்திரியில கேட்டீங்களா?”

“என்னன்னு கேக்க? போன மாசிகத் திதிக்கு அதிரசம் வைக்கல. சுண்டலோட நிறுத்திட்டேன். என்னால ஆனது அதுதான்.”

சிரிப்பதற்குத்தான் போயிருந்தேன். கடைசி உறையைப் பிரித்தேன். தேதி முந்தாநாளுடையது. பெயர் அம்மையப்பன். மாதிரி என்ற இடத்தில் ‘ரத்தம்’ என்று இருந்தது. உறையைத் திருப்பிக் கொடுக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் கோமு. அவள் தாத்தாவுக்குச் சீவலப்பேரியில் ஆற்றங்கரை வயல் இருந்தது. அப்பாவுக்கு வாத்தியார் வேலை இருந்தது. இவளுக்குக் கறுப்புத் திரையும் பச்சை எழுத்தும். வார்டில் டாக்டர் எழுதுகிற ஒவ்வொரு பரிசோதனையும் அந்தத் திரையில் வந்து நிற்கும். ரத்தம் வந்து, முடிவு ஏறியதும் மறைந்துவிடும். முடிவு ஏறாதது ‘நிலுவை’ என்று நின்றுகொண்டே இருக்கும். நிற்பதையெல்லாம் விசாரித்து ஒழுங்கு செய்வதே அவள் உத்தியோகம். பிற ஆஸ்பத்திரிகளில் இதற்கு ஒரு விரல் போதும்; தட்டினால் அழிந்துவிடும். இவள் மாடியேறிப் போய், நோயாளி முகத்தைப் பார்த்து, “உங்களுக்கு ரத்தம் எடுத்தாவளா?” என்று கேட்டுவிட்டுத்தான் அழிப்பாள். பெண் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் போன கங்கைகொண்டான் மாப்பிள்ளை வீட்டையும் அழிக்காமல்தான் வைத்திருக்கிறாள் என்று வீட்டில் கேலி.

நான் போனபோது அவள் தொலைபேசியில் வசவு வாங்கிக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“உக்காருங்க அண்ணாச்சி. நூர்முகம்மதுன்னு ஒருத்தர். பேட்டையில லேத்துப் பட்டறை. கால்ல இரும்பு விழுந்து புண்ணு ஆறவே மாட்டேங்கு. நாளைக்கு முழங்காலுக்குக் கீழ எடுத்திருதோம்னு டாக்டர் சொல்லுதாரு. சுகர் ரிப்போர்ட் எங்கன்னு என்னைய ஏசுதாரு. அவர் எழுதி எத்தனையோ நாளாச்சு, நிலுவையிலயே நிக்கி. ரத்தம் எடுத்தாச்சுன்னு வார்டுல சொல்லுதாவ. இங்க வரலன்னு இவங்க சொல்லுதாங்க.”

“சுகர்னு தெரிஞ்சா?”

“ஊசி போட்டுப் பாப்பாவ. காலு தப்பினாலும் தப்பும்.”

அந்த நேரத்தில் நிர்வாகி குற்றாலலிங்கம் உள்ளே வந்தார். நெற்றியில் பட்டை, கையில் சாவிக்கொத்து.

“ஏம்மா கோமு, நாளைக்கு முதலாளி மெட்ராஸ்காரங்களைக் கூட்டிக்கிட்டு வாராரு. திரையில இம்புட்டு நிலுவை நின்னா எனக்குல்லா அசிங்கம். எல்லாத்தையும் அழிச்சிரு.”

“நூர்முகம்மது இருக்காரு, சார்.”

“அவருக்குத்தான் நாளைக்குக் காலையே எடுக்கப்போறாவளே. பொறவு என்ன சுகரு?”

“கேக்காம அழிக்க மாட்டேன்.”

“அப்போ நாளைக்கு உன் பேரை நான் அழிக்கேன்” என்றவர் என் பக்கம் திரும்பி, “பேஷண்டா வே?” என்றார்.

“இன்னும் இல்லை” என்றேன். போய்விட்டார்.

நான் வந்த காரியத்தைச் சொல்லி உறையை அவள் முன்னால் வைத்தேன். பிரித்துப் படித்தாள்.

“இவுக செத்துட்டாவளே.”

“அதைத்தான் கேட்கிறேன். திரையில் பார்த்ததில்லையா?”

“முடிவு வராதவங்கதான் அண்ணாச்சி என் கண்ணுல படுவாங்க. வந்துட்டா மறைஞ்சிருவாங்க. இவுகளுக்குத் தெனமும் வந்துக்கிட்டே இருந்திருக்கு.”

விசைகளைத் தட்டித் தேடினாள். அம்மையப்பன் பிள்ளை வந்து நின்றார். நிலை என்ற இடத்தில் ‘வெளியே சென்றுள்ளார்’.

அதற்கு ஒரு கதை இருந்தது. இந்த மென்பொருளை எழுதிக் கொடுத்த கிரீஷ் என்ற பையன், ‘இறப்பு’ என்று ஒரு தெரிவு வைத்திருந்தான். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கிற இயந்திரத்தில் அந்தச் சொல் இருக்கலாமா என்று குற்றாலலிங்கம் எடுக்கச் சொல்லிவிட்டார். நெல்லையப்பர் தேருக்கும் கல்யாணத்துக்கும் ஒரு வேளை போய்விட்டு வருகிற நோயாளிகளுக்காக இருந்த தெரிவிலேயே செத்தவர்களையும் போடுவது வழக்கமாயிற்று. வெளியே போனவர் திரும்பி வருவார் என்று இயந்திரம் நம்பியது. டாக்டர் எப்போதோ எழுதியபடி தினம் காலை அவருக்குச் சர்க்கரை பார்க்கச் சீட்டு அடித்தது. முடிவை வீட்டுக்கு அனுப்பும் தபாலில் சேர்த்தது. கிரீஷ் அமெரிக்கா போய்விட்டான். அவனும் வெளியே சென்றிருப்பவன்தான்.

“அதெல்லாம் சரி. ரத்தம் யாருடையது?” என்றேன்.

கோமு விரலால் காகிதத்தில் ஓர் இடத்தைத் தொட்டாள். கட்டில் பதினாலு. அதே விரலைத் திரைக்குக் கொண்டுபோய் நூர்முகம்மதின் பெயருக்கு நேரே வைத்தாள். கட்டில் பதினாலு.

மாடிப்படியில் அவள் பின்னால் ஓட வேண்டியிருந்தது. பதினாலாம் கட்டிலில் நூர்முகம்மது காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக் கிடந்தார். நாற்பது வயது இருக்கும்.

“பாய், காலையில ரத்தம் எடுத்தாவளா?”

“தெனம் எடுக்காவளே தங்கச்சி. காலை எடுக்கப்போறவனுக்கு ரத்தத்தை எதுக்கு மிச்சம் வைக்கணும்னு நினைக்காவ போல.”

ரத்தம் எடுக்கிற நர்ஸ் இசக்கியம்மா வந்தாள். கோமு கேட்டாள். “பதினாலுக்கு எத்தனை சீட்டு வருது சிஸ்டர்?”

“ரெண்டு வரும். அந்த பிரிண்டருதான் ஒண்ணையே ரெண்டு தடவ துப்புமே. மேல உள்ளதைக் குப்பியில ஒட்டிட்டு மத்ததைக் கிழிச்சிருவேன்.”

“பேரைப் பாப்பீங்களா?”

“வார்டுல பேரு ஏது? கட்டில்தான்.”

மேலே இருந்த சீட்டு எப்போதும் அம்மையப்பன் பிள்ளையுடையது. தாசில்தார்; வரிசையிலும் முந்திக்கொண்டார். வைகாசியிலிருந்து அந்தக் கட்டிலில் யார் வந்து படுத்தாலும் அவருக்கு ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். ராஜராஜேஸ்வரி அம்மாள் படித்த முன்னூறு இந்த மனிதருடையது.

உறையை வாங்கிக்கொண்டு கோமு டாக்டரிடம் போனாள். அவர் செத்தவர் பெயரைப் படித்தார், கட்டில் எண்ணைப் படித்தார். பிறகு புதிதாக ரத்தம் எடுக்கச் சொன்னார். முன்னூற்று நாற்பது. மறுநாள் கத்தி வைக்கவில்லை; கோமுவின் பெயரையும் யாரும் அழிக்கவில்லை. ஊசி போட்டார்கள். ஆவணி பிறக்கும்போது ஒரு விரல் போயிருந்தது, கால் இருந்தது.

இந்த இடத்தில் நான் பேனாவை மூடியிருக்கலாம். புரளி பொய், புள்ளிவிவரம் உண்மை என்று ஒரு பத்தி எழுதினால் ஆசிரியரும் மகிழ்வார். அதற்குள் கோமு ஆளனுப்பிக் கூப்பிட்டாள்.

நூர்முகம்மதையும் மற்றவர்களையும் கீழ் வார்டுக்கு மாற்றிவிட்டு, மேல் வார்டை வெள்ளையடிக்கப் பூட்டியிருந்தார்கள். கட்டில்களையெல்லாம் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். அம்மையப்பன் பிள்ளை பெயரில் இனிச் சீட்டு வராதபடி கோமு நிறுத்தப் போனாள். எல்லாம் நின்றது. ஒன்று மட்டும் நிற்கவில்லை. அன்று காலைத் தேதியிட்ட பரிசோதனை. ‘மாதிரி பெறப்பட்டது, முடிவு நிலுவை.’ மாதிரி வந்துவிட்டால் முடிவைப் போடாமல் கம்ப்யூட்டர் விடாது.

“தவறாகத் தட்டியிருப்பார்கள்” என்றேன்.

அவள் குளிர்பெட்டியைத் திறந்து காட்டினாள். தாங்கியில் ஒரு குப்பி தனியாக நின்றது. ஒட்டியிருந்த சீட்டில் அம்மையப்பன், கட்டில் பதினாலு. அடியில் ரத்தம்.

இசக்கியம்மா, தான் மாடிப்பக்கமே போகவில்லை என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாள். குற்றாலலிங்கம் மேல் வார்டுச் சாவி தன் இடுப்பைவிட்டு இறங்கவில்லை என்றார். அந்த இடுப்பில் அவர் சொல்கிற எல்லாச் சாவியும் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. இரண்டு பேரையும் சந்தேகித்தேன். கோமுவையும்தான். அவள் முகத்தைப் பார்த்த பிறகு விட்டுவிட்டேன்.

நூர்முகம்மதிடம் சொன்னபோது, அவர் முதலில் சிரித்தார். “இத்தனை நாளு என் ரத்தத்தைக் கைமாத்தா வாங்குனாரு. திருப்பிக் குடுத்திருப்பாரு வே.” பிறகு போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டார்.

“பரிசோதித்துப் பார்த்துவிடேன், கோமு. ஐந்து நிமிஷ வேலை.”

“பாத்து, முன்னூறுன்னு வந்தா சரி அண்ணாச்சி. பாயோட பழைய ரத்தம், யாரோ செஞ்ச வேலைன்னு விட்டிரலாம். சுகர் நல்லாயிட்டுன்னு வந்தா, அது யாரு ரத்தம்?”

அவள் குளிர்பெட்டியைப் பைய மூடினாள்.

பேட்டை அம்மாளுக்கு முன்பு போன முடிவுகள் வேறொருவருடையவை என்று நான்தான் போய்ச் சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. “அப்போ அவுகளோடது என்ன?” என்று கேட்டார். வாரத்துக்கு ஒரு தரம் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி செய்கிறாராம். மாசிகம் வருகிறது, அதிரசம் சுடலாமா கூடாதா என்று தெரிந்தால் போதுமாம். வந்ததும் சொல்லுதேன் அத்தை என்கிறாள் கோமு. இன்னும் சொல்லவில்லை.